வீட்டு விலை ஏறுகிறது, சரி. அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது?

வாடகைவாசி எழுதியது:

என்னோடு ஒரே நேரத்தில் வேலைக்குச் சேர்ந்து, இன்றுவரை ஒரே சம்பளம் வாங்குகிற ஒருவர் இருக்கிறார். அவரும் ஊதாரி இல்லை, நானும் இல்லை. ஒரே வித்தியாசம், வீடு வாங்குவதற்கான முன்பணத்தை அவருக்கு வீட்டில் கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்க எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. இன்று அவர் வீட்டின் விலை ஏறியதால் மட்டும் அவருக்குக் கிடைத்திருக்கிற தொகை, இத்தனை வருடமாக நாங்கள் இரண்டு பேரும் சேர்த்துவைத்த பணத்தைவிட அதிகம்.

பொறாமை என்று யாராவது சொல்லப்போகிறீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள். என் கேள்வி வேறு. அந்த வீட்டில் ஓர் அறைகூடக் கூடவில்லை. குழாய் ஒழுகுகிறது, சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, பழையதாகத்தான் ஆகியிருக்கிறது. யாரும் எதையும் புதிதாக உற்பத்தி செய்யாமல் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் நாளைக்கு அதை வாங்க வேண்டும், அவர் அந்த விலையை உழைத்துக் கொடுக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் நான்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கன் எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் கடன் என்ன செய்கிறது என்று பாருங்கள், அதைப் பார்க்காமல் இது புரியாது.

வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போட்டது 20, வங்கிக் கடன் 80. விலை 150 ஆகிறது. கடன் அதே 80தான், அது ஏறாது, அசலைக் கொஞ்சமும் கட்டவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் பங்கு 20லிருந்து 70 ஆகிவிட்டது. வீடு ஒன்றரை மடங்கு, உங்கள் பணம் மூன்றரை மடங்கு. சாதாரணச் சம்பளக்காரருக்கு வங்கி இவ்வளவு பெரிய கடனை இவ்வளவு குறைந்த வட்டிக்கு வேறு எதற்காவது தருமா? கம்பெனிப் பங்கு வாங்கப்போகிறேன், 80 கொடு என்று கேட்டுப் பாருங்கள்.

ஆக அந்த 20 கையில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வாசல். உங்கள் நண்பர் உள்ளே போனார், நீங்கள் வெளியே நின்றீர்கள். சம்பளம் இதில் இரண்டாம்பட்சம்.

(இறங்கினாலும் இதே கணக்குதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 100 என்பது 80 ஆனால் போட்ட 20 முழுவதும் காலி. 2008க்குப் பிறகு அமெரிக்காவில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு நடந்தது அதுதான்.)

சொந்தவீடு எழுதியது:

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை, நேராகவே சொல்கிறேன். நான் யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் பல வருடம் எங்கேயும் போகாமல், ஒன்றும் வாங்காமல், இரண்டு பேர் சம்பளத்தில் ஒன்றை அப்படியே எடுத்துவைத்து வாங்கிய வீடு. தவணை கட்டாமல் போய்விடுமோ என்று தூங்காத இரவுகள் உண்டு. இப்போது விலை ஏறியதும் "சும்மா வந்த பணம்" என்கிறீர்கள். விலை இறங்கியிருந்தால் வந்து பங்கு போட்டிருப்பீர்களா?

கொத்தனார்மகன் எழுதியது:

அக்கா, நீங்கள் கஷ்டப்பட்டதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கஷ்டப்பட்டது தவணை கட்ட. விலை ஏறியது அதனால் இல்லை.

நான் கட்டட வேலை எடுத்துச் செய்பவன், என் அப்பா கொத்தனார், அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரே வரைபடம், ஒரே சதுர அடி, ஒரே தரம் என்று நகரத்தின் நடுவில் ஒரு வீடும் வெகு தொலைவில் ஒரு வீடும் கட்டினால், சிமெண்டு அதே விலை, கம்பி அதே விலை, மணலுக்கு வண்டி வாடகை கொஞ்சம் முன்னே பின்னே, கூலி கொஞ்சம் கூடக் குறைய. கட்டி முடித்துக் கணக்குப் பார்த்தால் கட்டடச் செலவில் பெரிய வித்தியாசமே இருக்காது. விற்கும்போது மட்டும் ஒன்று மற்றதைப்போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு. அந்த வித்தியாசம் முழுக்க அடியில் இருக்கிற மண்ணுக்கு.

இன்னொன்று. கட்டடம் என்பது கட்டி முடித்த மறுநாளிலிருந்து தேயத் தொடங்குகிற பொருள். மேல்தளத்தில் நீர்க்கசிவு, கம்பியில் துரு, மின்வயர் மாற்றம், சாக்கடை இணைப்பு என்று செலவு வைத்துக்கொண்டே இருக்கும். பழைய வீடு விற்பனைக்கு வரும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள், நான் சுவரைத் தட்டிப் பார்த்து இது தேறாது, இடிக்க வேண்டியதுதான் என்பேன். அப்படியும் விலை குறையாது. ஏனென்றால் வாங்குகிறவர் வீட்டை வாங்கவில்லை. சில சமயம் வீடு இல்லாமல் இருந்தால் இடிப்புச் செலவு மிச்சம் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கூடக் கொடுப்பார்கள்.

கணக்கன் எழுதியது:

அண்ணே, நீங்கள் சுவரைத் தட்டிச் சொன்னதை மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 14 நாடுகளின் 1870 முதல் 2012 வரையிலான விலைகளைத் திரட்டிச் சொன்னார்கள். 2017இல் வெளிவந்தது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வீட்டு விலை பெரிதாக ஏறவே இல்லை. அதற்குப் பிறகுதான் கிடுகிடுவென்று ஏறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகான அந்த ஏற்றத்தில் சுமார் 80 சதவீதத்துக்குக் காரணம் நிலத்தின் விலை, கட்டுமானச் செலவு இல்லை.

இதற்கு ஜப்பான் ஒரு நல்ல உதாரணம். அங்கே தனி மர வீடுகளுக்கு 20, 30 வருடத்தில் சந்தை மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும், மிஞ்சுவது மனையின் விலைதான்.

வாடகைவாசி எழுதியது:

அப்படியானால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மண்ணை யாரும் உற்பத்தி செய்யவில்லை. அந்த இடத்துக்கு மதிப்பு வந்தது சாலை போட்டதால், ரயில் வந்ததால், பக்கத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வந்ததால், வேலை இருப்பதால். அதற்கெல்லாம் வரி கட்டியதில் வாடகைக்கு இருக்கிற நானும் உண்டு. ரயில் நிலையம் திறந்தார்கள், என் வாடகை ஏறியது. என் வரிப்பணத்தில் வந்த ரயிலுக்கு நான் மறுபடியும் வீட்டுக்காரருக்குப் பணம் கட்டுகிறேன், அப்புறம் டிக்கெட் தனி.

பழையபேப்பர் எழுதியது:

இதை 200 வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்கள் ஐயா. 1817இல் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ, தானிய விலை ஏறுவது நிலவாடகை கொடுப்பதால் இல்லை, தானிய விலை உயரமாக இருப்பதால்தான் நிலவாடகையே கொடுக்க முடிகிறது என்றார். இன்றைக்கு மாற்றிச் சொன்னால், சம்பளம் நன்றாகக் கிடைக்கிற நகரத்தில் அந்தக் கூடுதல் சம்பளத்தை மோப்பம் பிடித்து வாடகை ஏறிவிடும். ஜான் ஸ்டூவர்ட் மில் இன்னும் காட்டமாக, நிலம் வைத்திருப்பவர்கள் உழைக்காமல், துணிச்சல் காட்டாமல், சிக்கனம் பிடிக்காமல் தூக்கத்திலேயே பணக்காரர் ஆகிறார்கள் என்று எழுதினார். அவர் கம்யூனிஸ்ட் இல்லை, தாராளவாதி. ஹென்றி ஜார்ஜ் 1879இல் அமெரிக்காவில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார், மற்ற வரிகளையெல்லாம் எடுத்துவிட்டு நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போடு என்று. அது அந்தக் காலத்தில் சக்கைப்போடு போட்டது. ஆனால் அவர் கேட்ட மாதிரி எந்தப் பெரிய நாடும் முழுசாகச் செய்யவில்லை.

நடுநிலைமேசை எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் ஓர் இடைஞ்சலான தகவலைப் போடுகிறேன்.

அமெரிக்காவில் 1949 முதல் 2016 வரையிலான குடும்பக் கணக்குகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு உண்டு. அதன்படி நடுத்தரக் குடும்பங்களின் சொத்து பெரும்பாலும் வீடு, உச்சியில் இருக்கும் 10 சதவீதத்தினரின் சொத்து பெரும்பாலும் பங்குகளும் தொழில்களும். அதனால் வீட்டு விலை ஏறும்போது நடுத்தரத்துக்கும் உச்சிக்கும் இடையிலான இடைவெளி குறைகிறது, பங்குச் சந்தை ஏறும்போது அதிகமாகிறது. 1970களிலிருந்து 2007 வரை நடுத்தரக் குடும்பத்துக்கு வருமானம் பெரிதாக ஏறாதபோதும் சொத்து மட்டும் ஏறியதற்குக் காரணம் வீடுதான். 2008இல் வீட்டு விலை விழுந்தது, நடுத்தரம் அடி வாங்கியது. பங்குச் சந்தை சில வருடத்தில் எழுந்துவிட்டது, உச்சியில் இருந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள்.

ஆகவே "வீட்டு விலை இறங்கினால் சமத்துவம் வரும்" என்று யாரும் துள்ள வேண்டாம். சொந்தவீடு அக்காவைப் போன்றவர்கள்தான் முதலில் விழுவார்கள்.

வாடகைவாசி எழுதியது:

உச்சிக்கும் நடுவுக்கும் இடையில் சரி. நடுவுக்கும் அடிக்கும்?

நடுநிலைமேசை எழுதியது:

அடியில் இருக்கிற பாதிப் பேருக்கு வீடே இல்லை, அல்லது கடன் போக மிச்சம் ஒன்றுமில்லை. அங்கே இடைவெளி விரிகிறது. அதை மறுக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. நாட்டு வருமானத்தில் மூலதனத்துக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகிறது, உழைப்புக்கு வருவது குறைகிறது என்று பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் பிக்கெட்டி வாதிட்டுப் புகழ்பெற்றபோது, மாத்யூ ராக்ன்லி என்ற இளைஞர் 2015இல் அதே கணக்கைப் பிரித்துப் பார்த்தார். தேய்மானத்தைக் கழித்தால், பெரிய வளர்ந்த நாடுகளில் 1948க்குப் பிறகு மூலதனத்தின் பங்கு நீண்டகால நோக்கில் கூடியதெல்லாம் வீட்டுத்துறையில்தான் என்று கண்டார். தொழிற்சாலையோ மென்பொருளோ இல்லை.

ஜன்னலோரம் எழுதியது:

பெரிய நிறுவனங்கள் வீடுகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பதுதான் காரணம் என்று வீடியோ ஒன்றில் பார்த்தேனே?

கணக்கன் எழுதியது:

ஒரு பங்கு உண்மை. 2008க்குப் பிறகு அமெரிக்காவில் கடன் கட்ட முடியாமல் ஏலத்துக்கு வந்த தனி வீடுகளை பிளாக்ஸ்டோன் போன்ற முதலீட்டு நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி வாடகைக்கு விட்டன. அட்லாண்டா மாதிரி சில நகரங்களில் சில பகுதிகளில் அதன் பாதிப்பு கண்கூடாகத் தெரியும். ஆனால் நாடு முழுக்க எடுத்தால் அவர்கள் கையில் இருப்பது வாடகை வீடுகளில் சில சதவீதம்தான். வாடகைக்கு விடும் தனி வீடுகளில் பெரும்பாலானவை ஒரு சில வீடுகள் மட்டும் வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்களிடம் இருக்கின்றன. ஒரு வில்லனைக் காட்டிவிட்டால் வசதி, நாம் கண்ணாடியைப் பார்க்க வேண்டியதில்லை.

வட்டி பெரிய காரணம். ஒரு லட்சத்துக்கு 20 வருடக் கடன் 9 சதவீத வட்டியில் மாதம் சுமார் 900 தவணை. 6 சதவீதத்தில் அது சுமார் 716. மாதம் 9,000 கட்ட முடிந்தவருக்கு முன்பு 10 லட்சம் கடன் கிடைத்தது, வட்டி இறங்கியதும் அதே 9,000க்கு சுமார் 12.5 லட்சம் கிடைக்கிறது. அவருக்கு மட்டுமா? வீடு தேடுகிற எல்லோருக்கும் கிடைக்கிறது. வீடுகளின் எண்ணிக்கை மட்டும் அதே. அப்புறம் என்ன ஆகும், எல்லோரும் சேர்ந்து விலையை அந்த இடத்துக்குத் தள்ளுவார்கள். தவணை குறையவில்லை, முன்பணம் மட்டும் கால் பங்கு கூடிவிட்டது. அதாவது வட்டிக் குறைப்பின் பலன் ஏற்கெனவே வீடு வைத்திருந்தவர் கைக்குப் போயிற்று. 2020க்குப் பிறகு பல நாடுகளில் வட்டி மறுபடி ஏறியபோது விலை அதே வேகத்தில் இறங்கினதா? பெரும்பாலும் இல்லை. அமெரிக்கா மாதிரி கடன் முடியும்வரை வட்டி மாறாத இடங்களில், பழைய குறைந்த வட்டிக் கடனை விட மனமில்லாமல் விற்பவர்களும் நின்றுவிட்டார்கள்.

சிவப்புத்துண்டு எழுதியது:

இவ்வளவு கணக்கு எதற்குத் தோழர்களே? வாடகைக்கு உச்சவரம்பு போடுங்கள். வீடு என்பது தலைக்குமேல் கூரை, சூதாட்டக் காய் இல்லை.

நடுநிலைமேசை எழுதியது:

போட்டுப் பார்த்தார்கள். பெர்லினில் 2020 பிப்ரவரியில் வாடகையை உறையவைத்தார்கள், 2014 முதல் கட்டியவற்றுக்கு விலக்கு. உள்ளே இருந்தவர்களுக்கு வாடகை குறைந்தது. ஆனால் வாடகைக்கு என்று விளம்பரம் வருகிற வீடுகள் வெகுவாகக் குறைந்தன, புதிதாகத் தேடி வந்தவர் தெருவில் நின்றார். 2021 ஏப்ரலில் இதற்கு மாநகரத்துக்கு அதிகாரமே இல்லை என்று நீதிமன்றம் ரத்து செய்தது.

சான்பிரான்சிஸ்கோவில் 1994இல் 1980க்கு முன் கட்டிய சிறிய குடியிருப்புகளுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டை விரிவுபடுத்தினார்கள். 2019இல் வெளியான ஆய்வு அதைப் பின்தொடர்ந்தது. கட்டுப்பாட்டுக்குள் இருந்த குடித்தனக்காரர்கள் அதே வீட்டில் நிலைத்திருப்பது கூடியது, அது நிஜமான பலன். ஆனால் வீட்டுக்காரர்கள் விற்றும் இடித்துக் கட்டியும் அந்த வாடகை வீடுகளில் 15 சதவீதத்தைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள், நகரம் முழுக்க வாடகை சுமார் 5 சதவீதம் ஏறியது.

சிவப்புத்துண்டு எழுதியது:

நீங்களே சொன்னீர்கள், உள்ளே இருந்தவர் நிலைத்தார் என்று. அதை ஏன் அரை வரியில் கடந்து போகிறீர்கள்? வாடகைக்கு இருப்பவர் என்றால் யார் என்று நினைக்கிறீர்கள்? ஒப்பந்தம் முடிகிற மாதம் வீட்டுக்காரர் போன் செய்தால் வயிறு கலங்குகிற ஆள். பிள்ளையின் பள்ளிக்கூடம், வயதான அம்மாவுக்குப் பழகிய மருத்துவர், பக்கத்து வீட்டில் அவசரத்துக்குச் சாவி கொடுத்துவைக்க ஓர் ஆள், எல்லாம் ஒரு போனில் போய்விடும். உங்கள் 5 சதவீதத்தில் இது எந்த வரிசையில் வருகிறது?

சொந்தவீடு எழுதியது:

இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் வீடு வாங்கியதே லாபத்துக்காக இல்லை, அந்த போனுக்குப் பயந்துதான்.

கொத்தனார்மகன் எழுதியது:

கட்டவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மூன்று மாடி தாங்குகிற இடத்தில் ஒரு மாடிக்குத்தான் அனுமதி. இரண்டு குடித்தனம் கட்டலாம் என்றால் கார் நிறுத்த இவ்வளவு இடம் விடு, முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு, மிச்சத்தில் கட்டு என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளிச்சம் போகிறது, கூட்டம் சேருகிறது என்று மனுப்போடுவார்கள். அவர்களுக்கு மனு போடக் காசு செலவில்லை, எனக்கு ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி ஓடும். அந்த வட்டி யார் தலையில் போய் விழும் என்று நினைக்கிறீர்கள், வாங்க வருகிறவர் தலையில்தான். புதிதாக வந்து குடியேற வேண்டியவர் இன்னும் வரவில்லை, அதனால் அந்தக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலியே இல்லை.

கணக்கன் எழுதியது:

இதற்கு ஆதாரம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2016இல் குடியிருப்பு நிலத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கில் அடர்த்தியாகக் கட்ட அனுமதித்தார்கள், கட்டுமான அனுமதிகள் கூடின, குறிப்பாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டுகிற வீடுகளுக்கு. டோக்கியோவில் எங்கே என்ன கட்டலாம் என்கிற மண்டல விதிகள் நாடு முழுவதற்குமான சட்டத்தால் வருகின்றன, பக்கத்துத் தெருக்காரர் எளிதில் தடுக்க முடியாது. மக்கள் வந்துகொண்டே இருந்தும் அங்கே வாடகை நீண்ட காலம் பெரிதாக ஏறாமல் நின்றது, கடந்த சில வருடமாகத்தான் புது அடுக்குமாடிகளின் விலை தாவுகிறது.

பழையபேப்பர் எழுதியது:

ஆனால் ஹாங்காங்? அங்கே வானம் முட்டக் கட்டியிருக்கிறார்கள், உலகிலேயே வீடு வாங்க மிகக் கடினமான ஊர்களில் ஒன்று. இரண்டு லட்சம் பேருக்கு மேல் ஒரு வீட்டைத் தடுப்பு வைத்துப் பிரித்த அறைகளில், சமைக்கிற அடுப்புக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளியில் வாழ்கிறார்கள். இத்தனைக்கும் ஏறக்குறைய முழு நிலமும் அரசுடையது, குத்தகைக்கு விடுவது மட்டும்தான். நிலக் குத்தகை அரசுக்குப் பெரிய வருமானம், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விடும். உயரம் மட்டும் போதாது, நிலத்தை யார், எந்த நோக்கத்தோடு விடுகிறார்கள் என்பதும் இருக்கிறது.

அதே மாதிரி அரசிடம் பெரும்பாலான நிலம் இருக்கிற சிங்கப்பூரைப் பாருங்கள். 1960இல் வீட்டு வாரியம் வைத்தார்கள், 1966இல் குறைந்த இழப்பீட்டில் நிலத்தை எடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள், இன்று சுமார் 80 சதவீத மக்கள் வாரியக் குடியிருப்பில். ஆனால் 99 வருடக் குத்தகை, அது தேயத் தேய மறுவிற்பனை மதிப்பு என்ன ஆகும் என்று அங்கே இப்போது கவலை.

வியன்னா வேறு வழி. 1923இல் ஆடம்பர வீடுகள் மேல் அதிகம் விழுகிற வரி போட்டு, அந்தப் பணத்தில் மாநகரமே கட்டியது. 1930இல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹாஃப் என்ற குடியிருப்புக் கட்டடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆயிரத்துக்கு மேல் குடியிருப்புகள். 1934இல் உள்நாட்டுச் சண்டையில் அதன்மேல் பீரங்கியால் சுட்டார்கள், வீட்டுப் பிரச்சினை எவ்வளவு சூடாகும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. இன்றும் வியன்னாக்காரர்களில் சுமார் பாதிப் பேர் மாநகர வீட்டிலோ லாபத்துக்கு வரம்பு வைத்த சங்கங்களின் வீட்டிலோதான் இருக்கிறார்கள். ஆனால் இடம் கேட்க அங்கே இரண்டு வருடம் பதிவு செய்து குடியிருந்திருக்க வேண்டும், நேற்று வந்தவருக்குக் கிடைக்காது.

ஜன்னலோரம் எழுதியது:

எந்த ஊரிலும் நேற்று வந்தவர் பாடுதான் திண்டாட்டம் போல.

வாடகைவாசி எழுதியது:

அதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்கிறேன். முன்பு வந்தவருக்கும் பின்பு வந்தவருக்கும் இடையிலான பணப் பரிமாற்றம் இது. பெர்லினில் பழைய குடித்தனக்காரர், வியன்னாவில் பழைய குடிமகன், மற்ற இடங்களில் பழைய உரிமையாளர். வரிசையில் கடைசி ஆள்தான் எல்லோருக்கும் கட்டுகிறார்.

இதை வரியாகவே எழுதிவைத்த ஊர் ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த 13ஆம் முன்மொழிவு. சொத்து வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது, விற்றால்தான் புதிய விலைக்கு மாறும். அதனால் அடுத்தடுத்த இரண்டு வீடுகள், ஒரே அளவு, ஒரே தெரு விளக்கு, ஒரே குப்பை வண்டி. 40 வருடமாக இருப்பவர் கட்டுகிற வரியைப்போல நேற்று வாங்கியவர் பல மடங்கு கட்டுவார். முதியவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்கிறார்கள் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள். வணிகக் கட்டடங்களுக்கும் அதே சலுகை போய்ச் சேர்ந்தது.

சொந்தவீடு எழுதியது:

அந்த முதியவர் கற்பனை இல்லையே. பென்ஷன் மட்டும் வருகிற ஒரு பாட்டி, கணவர் கட்டிய வீடு, சுற்றிலும் விலை ஏறிவிட்டது. நில மதிப்புக்கு வரி போட்டால் அவர் எங்கே போவார்? காகிதத்தில் கோடீஸ்வரி, கையில் மருந்துக்குக் காசில்லை. வீட்டின் விலையை வைத்து ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது.

கணக்கன் எழுதியது:

அக்கா கேட்பது சரியான கேள்வி, நிலவரி பேசுகிற பலர் இதைத் தாண்டிக் குதித்து ஓடுவார்கள். வழி இருக்கிறது. பாட்டி உயிரோடு இருக்கும்வரை வரியைத் தள்ளிவைத்து, வீடு கைமாறும்போது அந்த விலையிலிருந்து வட்டியோடு எடுத்துக்கொள்ளலாம். பாட்டி வெளியே போக வேண்டாம். வாரிசுகளுக்குக் கொஞ்சம் குறையும்.

பழையபேப்பர் எழுதியது:

இப்போது பாருங்கள், வாரிசு என்றதும் எல்லோரும் பாட்டிக்காகக் கொதித்தெழுவார்கள்.

கணக்கன் எழுதியது:

சிரித்துவிட்டேன். ஆனால் நிஜம். நிலவரியில் ஒரு நல்ல குணம் உண்டு, கட்டடத்துக்கு வரி போட்டால் கட்டுவது குறையும், நிலத்துக்குப் போட்டால் நிலம் குறையாது, எங்கேயும் ஓடிப்போகாது. அரசு கை வைப்பதையே விரும்பாத அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன்கூட இருக்கிற வரிகளில் தீமை குறைந்தது இதுதான் என்றார். எஸ்தோனியாவில் 1993 முதல் நிலத்துக்கு மட்டும்தான் வரி, மேலே இருக்கிற கட்டடத்துக்கு இல்லை. சும்மா போட்டுவைத்திருக்கிற மனைக்கும் வீடு கட்டிய மனைக்கும் ஒரே வரி என்றால், சும்மா வைத்திருப்பவருக்குத்தான் உறுத்தும்.

சிவப்புத்துண்டு எழுதியது:

சட்டம் போடுகிறவர்களில் எத்தனை பேர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்?

நடுநிலைமேசை எழுதியது:

சட்டம் போடுகிறவர்களை விடுங்கள், ஓட்டுப் போடுகிறவர்களைப் பாருங்கள். பல நாடுகளில் பெரும்பான்மைக் குடும்பங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. ருமேனியாவில் 90 சதவீதத்துக்கு மேல். பாதிக்கும் கீழே இருக்கும் சுவிட்சர்லாந்து மாதிரியான நாடுகள் குறைவு. எந்தக் கட்சியாவது "உங்கள் வீட்டு விலையை இறக்குவோம்" என்று சொல்லி ஓட்டுக் கேட்குமா? "வீடு எல்லோருக்கும் எட்டும் விலையில்" என்பார்கள், "வீட்டு மதிப்பைக் காப்போம்" என்பார்கள், இரண்டையும் ஒரே மேடையில் சொல்வார்கள். முதல் தடவை வாங்குபவருக்கு மானியம் தருவார்கள், மானியம் விற்பவர் பைக்குப் போகும், எல்லோரும் கைதட்டுவார்கள்.

வாடகைவாசி எழுதியது:

சொந்தவீடு அக்கா, கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். உங்கள் வீட்டின் விலை இன்றைக்கு இருக்கிற இடத்திலேயே நின்றுவிட்டால் உங்களுக்குச் சம்மதமா? இறங்க வேண்டாம், நிற்கட்டும்.

சொந்தவீடு எழுதியது:

யோசித்துத்தான் சொல்கிறேன். இறங்கினால் சம்மதமில்லை, கடன் இன்னும் இருக்கிறது, வீட்டைவிடக் கடன் பெரிதாகிவிட்டால் வேலை போனால்கூட விற்றுவிட்டுக் கிளம்ப முடியாது. நின்றால் எனக்கு ஒன்றும் போகாது. இதை விற்று வேறு வாங்கினாலும் அதுவும் அதே அளவு ஏறித்தானே இருக்கும், ஏறிய பணத்தை நான் எங்கே பார்த்தேன்? எனக்கு இரண்டு பிள்ளைகள். ஏறிக்கொண்டே போனால் அவர்களுக்கும் முன்பணம் நான்தான் கொடுக்க வேண்டும், ஒரு வீட்டை இரண்டாக அறுக்க முடியாது.

கணக்கன் எழுதியது:

விலை அப்படியே நின்று, சம்பளம் வருடத்துக்கு 5 சதவீதம் ஏறினால் 14 வருடத்தில் சம்பளம் இரட்டிப்பாகும். வீட்டுக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதம் பாதியாகும். யாருடைய கடனும் மூழ்காது. நிதானமாக, வலியில்லாமல் இறக்குவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நிலவரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கட்ட அனுமதிப்பதைத் தாராளமாக்கினால் அந்த இடத்தில் நிறுத்தலாம்.

வாடகைவாசி எழுதியது:

திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. 14 வருடம் கழித்து நான் வங்கிக்குப் போனால், ஓய்வு பெற இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு 20 வருடக் கடனுக்குப் பதில் 8 வருடக் கடன் தருவார்கள். அந்தத் தவணையையும் யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

கணக்கன் எழுதியது:

9 சதவீதத்தில் லட்சத்துக்கு சுமார் 1,465. 20 வருடக் கடனின் தவணையைவிட 60 சதவீதத்துக்கு மேல் கூட. ஆனால் விலை பாதி விகிதத்துக்கு வந்திருக்கும் என்பதால், சம்பளத்தில் தவணைக்குப் போகிற பங்கு இன்றைக்கு 20 வருடக் கடன் வாங்கினால் போவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதற்குள் முன்பணம் சேர்த்துவிடுங்கள், வாடகை மட்டும் சம்பளத்தைவிட வேகமாக ஏறாமல் இருந்தால் முடியும்.

கொத்தனார்மகன் எழுதியது:

அந்த "மட்டும்" பற்றித் தனி இழை தொடங்குங்கள் தம்பி, நான் வருகிறேன். புதுக் கட்டடத்துக்கு அனுமதி வாங்க எத்தனை மேசைக்குப் போகிறேன் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.